முதல் டர்ன்டேபிள்: கடைக்குப் போகும் முன் தாத்தாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள்

காரைக்குடியில் பாகம் பிரித்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று உங்கள் பங்குக்கு வந்ததாக எழுதியிருந்தீர்கள். உள்ளே எழுபது இசைத்தட்டுகள், கூடவே ஓடாத பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று. சென்னை வீட்டில் அவற்றைக் கேட்க வேண்டும், செலவு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் நிற்க வேண்டும். எந்த டர்ன்டேபிளை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பொருத்துவது என்பது உங்கள் கேள்வி.

அந்த எழுபது தட்டுகளும் எவை என்று நீங்கள் சொல்லவில்லை. என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது. டர்ன்டேபிள் கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்; தாத்தாவின் தட்டுகளுக்கு மாற்றுக் கிடைக்காது. ஆகவே எந்தக் கருவி அந்தத் தட்டுகளைச் சேதப்படுத்தாமல் பாட வைக்கும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இன்று மாலை தரையில் ஒரு வேட்டியை விரித்து, பெட்டியைத் திறந்து, தட்டுகளை மூன்று வரிசையாகப் பிரித்து வையுங்கள்.

முதல் வரிசை, நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற 78 தட்டுகள். பெரும்பாலும் பத்து அங்குல அகலம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். பக்கத்துக்கு ஒரே பாட்டு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இவை பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. மரக்கிளைகளில் பூச்சி கட்டுகிற அதே அரக்கைக் கல்தூளோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தவை. உலகத்து இசைத்தட்டுத் தொழிலுக்கே அரக்கு பெருமளவில் இந்தியாவிலிருந்துதான் போனது. மேல்நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இங்கே 1960களில் அவை வெளிவந்துகொண்டிருந்தன. அதனால்தான் நம் வீட்டுப் பெட்டிகளில் அரக்குத் தட்டும் எல்.பி.யும் கலந்து கிடக்கின்றன.

இரண்டாவது வரிசை, பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 முறை சுற்றுகிற ஏழு அங்குலத் தட்டுகள். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த வடிவம் இது. நம் ஊரில் திரைப்பாடல்கள் பக்கத்துக்கு இரண்டாக, மொத்தம் நான்கு பாட்டுகளோடு, ஈ.பி. என்ற பெயரில் இந்த வடிவத்தில்தான் வீடுகளுக்குள் வந்தன. மூன்றாவது வரிசை, பன்னிரண்டு அங்குல எல்.பி.; கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று; பேச்சில் 33 என்று சுருக்கிச் சொல்வோம். பிரிக்கும்போது அளவை மட்டும் நம்பாதீர்கள். 33இல் சுற்ற வேண்டிய ஏழு அங்குலத் தட்டுகளும் உண்டு, 45இல் சுற்ற வேண்டிய பன்னிரண்டு அங்குலத் தட்டுகளும் உண்டு. நடுவில் ஒட்டிய தாளில் வேகம் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பிரித்து வையுங்கள்.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் ஊசி. எல்.பி., ஈ.பி. இரண்டிலும் ஊசி ஓடுகிற பள்ளமான தடம் மிக நுண்ணியது. ஸ்டீரியோ ஊசியின் நுனி வளைவு சுமார் 18 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் கால் பங்கு. 78 தட்டின் தடத்துக்கோ சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை 78இன் மேல் வைத்தால் அது தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியில் புரண்டு ஓடும். பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்கும், அரக்கில் உள்ள கல்தூள் ஊசியையும் தேய்த்துவிடும். 78 ஊசியை எல்.பி.யின் மேல் வைப்பது இன்னும் கொடுமை, தட்டே கெட்டுப்போகும். தாத்தாவின் பழைய பிளேயரில் ஊசிக்கு அருகே சிறிய நெம்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒருபுறம் 78 ஊசி, மறுபுறம் எல்.பி. ஊசி என்று புரட்டிக்கொள்வதற்காக அந்தக் காலக் கருவிகளில் வைத்த ஏற்பாடு அது.

பெட்டியில் இருப்பவை ஈ.பி.யும் எல்.பி.யும் மட்டும் என்றால் உங்கள் முப்பதாயிரத்துக்குள் நிறைவாக அமைத்துவிடலாம். இரண்டு மூன்று 78 மட்டும் கலந்திருந்தால், அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றுக்காக வாங்குங்கள். பாதிக்கு மேல் 78 என்றால் கணக்கே வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். சூட்கேஸ்போல மூடித் திறக்கும், ஒலிபெருக்கியும் உள்ளேயே பொருத்திய, கண்ணுக்கு அழகான சிறு பிளேயர்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்குகிற சிறு உறுப்புக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர்; இவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். நல்ல காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் 2 கிராம் பாரத்தில் தடத்தைப் படிக்கும். இவை 5 கிராம், அதற்கும் மேல் அழுத்தும். பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. எல்.பி.யை விடச் சிறிய வட்டத்தின் மேல் தட்டு விளிம்பு தொங்கச் சுழலும். ஒலிபெருக்கியின் அதிர்வு அதே பெட்டி வழியாக ஊசிக்கே திரும்பிப் போகும். ஒரு முறை போட்டால் தட்டு பாழாகிவிடும் என்று மிரட்ட மாட்டேன். ஆனால் பிடித்த பாட்டை நாம் ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்துவதில்லையே.

இது எனக்கு நேர்ந்தது. கல்லூரி நாட்களில் பழைய பெட்டி பிளேயர் ஒன்றை வாங்கி, அதில் ஏற்கெனவே இருந்த ஊசியை மாற்றாமல், அப்பாவின் ஈ.பி. ஒன்றை மாதக்கணக்கில் தினமும் போட்டேன். பல ஆண்டுகள் கழித்து நல்ல கருவியில் அதே தட்டை வைத்தபோது குரல் உயரும் இடமெல்லாம் கரகரவென்று கிழிந்து கேட்டது. பக்கத்திலேயே இருந்த, நான் அதிகம் போடாத இன்னொரு ஈ.பி. அதே கருவியில் பளிங்குபோல் ஒலித்தது. தேய்ந்த ஊசி தடத்தின் சுவரைச் செதுக்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கருவியாலும் முடியாது. அப்பாவின் கையெழுத்து அந்த உறையின் மேல் இன்னும் இருக்கிறது.

சரி, எதை வாங்கலாம்? ஈ.பி., எல்.பி. மட்டும் என்றால், உங்கள் பணத்துக்கு ஆடியோ-டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் போன்ற ஒன்றை வாங்கச் சொல்வேன். பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கருவியின் கை தானே எழுந்து தட்டின் மேல் இறங்கும், பக்கம் முடிந்தால் தானே திரும்பிவிடும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ், மாற்றக்கூடிய ஊசி, உள்ளேயே ஃபோனோ பிரீஆம்ப் (அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்) எல்லாம் இருக்கின்றன. ஊசிப் பாரம் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்தது, சுமார் 3 கிராம்; நாம் மாற்ற முடியாது. 2 கிராமை விட அதிகம்தான், ஆனாலும் அந்த ஊசி அந்தப் பாரத்துக்கென்றே செய்யப்பட்டது. சோனியின் பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி இதே ரகம், புளூடூத்தும் உண்டு. முதல் கருவியை வாங்குகிறவருக்கு, அதுவும் கை நடுங்கித் தட்டின் மேல் ஊசியைப் போட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறவருக்கு, தானியங்கி பெரிய நிம்மதி. வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் போட்டுக் கேட்க வேண்டும் என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்த படி எல்பி120எக்ஸ். ஊசிப் பாரத்தை நாமே அமைக்கலாம், கார்ட்ரிட்ஜை மாற்றலாம், 33, 45 உடன் 78 வேகமும் இருக்கிறது. இதோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜின் சிறப்பு, அதே உடலில் ஊசியை மட்டும் கழற்றி வேறு ஊசி செருகலாம் என்பது; 78 தட்டுகளுக்கென்றே ஓர் ஊசியும் அந்த வரிசையில் கிடைக்கிறது. ஆகவே உங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் அரக்குத் தட்டு என்றால் என் ஆலோசனை இதுதான்: முப்பதாயிரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காமல், இந்த ஆண்டு இந்தக் கருவியை மட்டும் வாங்குங்கள், வீட்டில் இருக்கும் ஏதாவது மியூசிக் சிஸ்டத்தில் இணைத்துக் கேளுங்கள், ஒலிபெருக்கியை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். கருவியின் விலையே உங்கள் தொகையைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும் என்பதால் சொல்கிறேன். 78 ஊசிக்கு மாறும்போது பாரத்தையும் அந்த ஊசியின் குறிப்புத்தாள்படி கூட்டி அமைக்க மறக்காதீர்கள்.

ரெகா பிளானர் 1 பற்றியும் உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். கேட்க அருமையான கருவி. ஆனால் வேகம் மாற்ற ஒவ்வொரு முறையும் இசைத்தட்டு உட்காருகிற வட்டமான பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் ஈ.பி.யும் எல்.பி.யும் மாறிமாறிப் போடுகிற நம் வீட்டுக்கு அது சலிப்பைத் தரும்.

இனி, அமெரிக்காவிலிருந்து வரும் கருவி. உங்களுக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருந்தால், 'இங்கே பழைய டர்ன்டேபிள் மலிவு, வரும்போது எடுத்து வருகிறேன்' என்று சொல்வது நிச்சயம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ரிச்சி தெருவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடலாம். ஹெர்ட்ஸை அந்த டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. பழைய பெல்ட் வகைக் கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகமே மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றுகிறது. 60க்கு 33⅓ சுற்றிய கருவி 50இல் 27.8 தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடிய அம்மாள் நான்கு கட்டையில் தூக்கக் கலக்கத்தோடு பாடுவதுபோல் கேட்கும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுற்றுகிற, குவார்ட்ஸ் கட்டுப்பாடு கொண்ட டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கும், நேர்மின் மோட்டார் கொண்டவற்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட் பொருந்தினால் போதும். ஆகவே மாடல் பெயரைக் கேட்டு, மோட்டார் எந்த வகை என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

உள்ளூரில் பழையது வாங்குவதாக இருந்தால், டெக்னிக்ஸ், டூயல், லென்கோ, பிலிப்ஸ் போன்றவை கண்ணில் படும். விற்பவர் முன்னாலேயே கையைப் பூட்டிலிருந்து விடுவித்து, விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எங்கும் தடைபடாமல் நீரில் மிதப்பதுபோல் நகர வேண்டும். கையின் அச்சை மென்மையாக அசைத்தால் கடகடக்கக் கூடாது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இன்றும் ஊசி விற்கிறார்களா என்று வாங்கும் முன் தேடிப் பாருங்கள். ஊசியின் விலையைக் கருவியின் விலையோடு இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கருவியில் இருக்கும் ஊசி எத்தனை வருடம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, நான் வாங்கிய அன்றே கழற்றிவிடுவேன். தாத்தாவின் பிளேயரையும் தூக்கிப் போடாதீர்கள். பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ இறுகிப்போயிருக்கும், அவ்வளவுதான். நல்ல மெக்கானிக் கையில் அது மீண்டும் சுற்றலாம். புது 78 ஊசி கிடைத்தால் அதை அரக்குத் தட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபோனோ பிரீஆம்ப் என்றேனே, அது ஏன் வேண்டும்? காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். அதோடு, தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கு ஊசி பக்கத்துத் தடத்துக்கே தாவிவிடும், பக்கத்துக்கு இருபது நிமிடமும் கொள்ளாது. அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் 1954இல் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. பிரீஆம்ப் அந்த அளவைத் தலைகீழாக்கி, ஒலியையும் பெருக்கித் தருகிறது. நான் வாங்கச் சொன்ன மாடல்களில் இது உள்ளேயே இருக்கிறது. 'ஃபோனோ', 'லைன்' என்று இரண்டு நிலை கொண்ட பொத்தானைத் தேடுங்கள். சாதாரண ஆக்ஸ் இணைப்பில் செருகினால் 'லைன்'. ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்றே தனித் துளை இருந்து அதில் செருகினால் 'ஃபோனோ'. இரண்டு பிரீஆம்ப் சேர்ந்துவிட்டால் ஒலி காது கிழியும்படி அலறும். எதுவும் இல்லாவிட்டால் எறும்பு பேசுவதுபோல் மெலிந்து கேட்கும். சில பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'செராமிக்', 'மேக்னெட்டிக்' என்று தனித்தனித் துளை இருக்கும். உங்களுக்கு வேண்டியது மேக்னெட்டிக்.

ஒலிபெருக்கிக்கு எடிஃபையர் ஆர்1280டி போன்ற, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஜோடி போதும். புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதில் தொடங்குவதிலும் தவறில்லை. மீதிப் பணத்தில் ஒரு கார்பன் நார் பிரஷ்ஷும் புதிய உள்ளுறைகளும் கட்டாயம்.

இப்போது பொருத்துவதற்கு வருவோம். கருவியை விட இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது, அதிகம் சீராகவும் ஆகிறது.

இடம் முதலில். ஆடும் டீப்பாய் வேண்டாம். சுவரில் பதித்த கடப்பாக் கல் அலமாரி உங்கள் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கனமானது, அசையாது, யார் நடந்தாலும் அதிர்வு ஏறாது. ஒலிபெருக்கிகளை அதே பலகையில் வைக்காதீர்கள். ஜன்னல் வெயில் படும் இடமும் கூடாது, வெயிலில் எல்.பி. நெளிந்துவிடும். பிறகு மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்போல் சிறியது ஒன்று இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். பிளாட்டரின் மேல் ஒரு முறை கிழக்கு மேற்காகவும் ஒரு முறை வடக்கு தெற்காகவும் வைத்துப் பாருங்கள். நடுவில் குமிழி நிற்கும்வரை கால்களைத் திருகியோ, அடியில் அட்டை மடித்து வைத்தோ சரிசெய்யுங்கள். மட்டம் தப்பினால் கை ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும், தடத்தின் ஒரு சுவர் மட்டும் தேயும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது கையைக் கட்டியிருக்கும் கம்பியையும் ஊசியின் மூடியையும் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். பெல்ட் வகை என்றால் பிளாட்டரில் இருக்கும் துளை வழியாக விரலை விட்டு, பெல்ட்டை மோட்டாரின் பித்தளைக் கப்பியில் முறுக்கு விழாமல் மாட்டுங்கள். முறுக்கு விழுந்தால் சுருதி அலையும். மாட்டியதும் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டால் பெல்ட் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எல்பி60எக்ஸ் வாங்கினால் இதோடு வேலை முடிந்தது. பாரம் அமைக்கும் கருவி என்றால் இன்னும் அரை மணி நேரம் பொறுமை வேண்டும். தட்டு சுற்றும்போது கை உள்பக்கமாக இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி ஸ்கேட்டிங் குமிழைச் சுழியத்தில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றுங்கள். கையைத் தட்டுக்கு வெளியே பிடித்துக்கொண்டு பின்னாலிருக்கும் எதிர் எடையை மெல்லத் திருகுங்கள். தராசு முள்போலக் கை நடுவில் நேராக மிதந்து நிற்கும் நிலை ஒன்று வரும். அந்த நிலை அமையும்வரை அவசரப்படாதீர்கள். அப்போது கையைப் பூட்டி, எடையை அசைக்காமல் எண்கள் எழுதிய வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, குறிப்புத்தாள் சொல்லும் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். விஎம்95இ ஊசிக்கு 1.8 முதல் 2.2 வரை, நடுவில் 2. ஆன்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வையுங்கள். குறைந்த பாரம்தான் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. பாரம் போதாத ஊசி தடத்தில் நிலைகொள்ளாமல் துள்ளித் துள்ளிச் சுவரை அடிக்கும், கனத்த ஊசியை விட அதிகமாகக் கெடுக்கும்.

வளையத்து எண் அண்ணளவானது. ஊசிப் பாரம் அளப்பதற்கென்றே சிறு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். நகைக்கு வைக்கும் தராசைப் பயன்படுத்தாதீர்கள். பல தராசுகளின் தட்டில் இரும்பு இருக்கும், கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்து அளவைப் பொய்யாக்கும். இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே வைத்து அளக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

கார்ட்ரிட்ஜின் கோணம் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே சரியாக வரும். நீங்களே புதிதாகப் பொருத்தினால் தாளில் அச்சிட்ட அளவுகோல் ஒன்று வேண்டும். அதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அதிகம் பயன்படும் பேர்வால்ட் அமைப்பில் அவை நடு அச்சிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் சுமார் 121 மில்லிமீட்டரிலும் விழும். இரண்டு புள்ளியிலும் ஊசியை வைத்தபோது கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நின்றால் சரி. முன்னாலிருந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாயாமல், பக்கவாட்டில் பார்த்தால் கை தட்டுக்குக் கிடைமட்டமாக இருக்க வேண்டும்.

வேகத்தைச் சோதிக்கக் கைபேசிச் செயலி எதுவும் தேவையில்லை. பிளாட்டரின் விளிம்பில் சிறு துண்டுக் காகிதம் ஒட்டி, 33இல் சுற்றவிட்டு எண்ணுங்கள். 33⅓ என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. இரண்டு விநாடி பிந்தினால் நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாக ஓடுகிறது. தம்புராவோடு சேர்த்துக் கேட்கும் காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

இணைத்ததும் 'ம்ம்ம்' என்று முரலல் கேட்டால் கலங்க வேண்டாம். பிரீஆம்ப் தனியாக இருக்கும் அமைப்பில், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியைப் பிரீஆம்பின் எர்த் திருகாணியில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போதும் நிற்காவிட்டால் ஒலிக் கம்பிகளை மின்கம்பிகளிலிருந்தும் அடாப்டர்களிலிருந்தும் விலக்கிப் பாருங்கள்.

எல்லாம் ஆயிற்று என்று தாத்தாவின் மிகச் சிறந்த தட்டை எடுத்துவிடாதீர்கள். முதலில் சுத்தம். டிரங்குப் பெட்டியில் கிடந்த தட்டுகளில் தூசியோடு பூஞ்சையும் படிந்திருக்கும்; அதன் மேல் ஊசி ஓடினால் அந்தத் துகள்களையே தடத்துக்குள் அரைத்துவிடும். எல்.பி., ஈ.பி. தட்டுகளுக்குக் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நடுத்தாள் நனையாமல், மென்மையான துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். மீண்டும் வெறும் வடித்த நீரால் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு தடத்தில் தங்கிவிடும், அது வேண்டாம். பூஞ்சை பிடிவாதமாக இருந்தால் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நீரோடு சிறிது ஐசோபுரொபைல் ஆல்கஹால் சேர்க்கலாம். 78 தட்டின் அருகே மட்டும் அந்தப் புட்டியைக் கொண்டுபோகவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு துடைப்பில் பாட்டு போய்விடும். அவற்றுக்கு வடித்த நீர் மட்டும், அதுவும் சீக்கிரம் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

பிறகு எண்ணிக்கையில் இரண்டாக இருக்கும் தட்டையோ, மனத்துக்கு அவ்வளவு நெருக்கமில்லாததையோ போட்டு ஒரு பக்கம் முழுதும் கேளுங்கள். எல்.பி.யின் வெளிவிளிம்பில் ஊசிக்குக் கீழே தடம் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்விளிம்பில் இருபதுதான். அதே பாட்டை அவ்வளவு குறுகிய இடத்தில் எழுதியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' ஒலிகள் கொஞ்சம் சீறுவது இயல்பு. முதல் பாட்டிலேயே சீறினால் கோணத்தையும் பாரத்தையும் மறுபடி பாருங்கள். ஊசி நுனியில் பஞ்சு சேர்ந்திருந்தாலும் அப்படிக் கேட்கும். சிறு பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் வருடிவிடுங்கள். 1960களின் ஈ.பி.க்கள் பலவும் மோனோ. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அவற்றுக்கு அழுத்திவிடுங்கள், பின்னணிக் கரகரப்பு கண்கூடாகக் குறையும். 78 தட்டுகளில் 1954க்கு முந்தியவை வேறு வேறு அளவுகளில் வெட்டப்பட்டவை; ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைச் சற்றுக் குறைத்தும் கூட்டியும் குரல் இயல்பாக வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டு முடித்த தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், புத்தகம்போல் நெருக்கமாக நிறுத்தி வையுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நல்லது.

ஊசி மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டிவிடுங்கள். எல்பி60எக்ஸில் வரும் கூம்பு முனை ஊசி சுமார் 500 மணி நேரம், விஎம்95இ போன்ற நீள்வட்ட முனை ஊசி சுமார் 300 மணி நேரம் உழைக்கும். நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டால் முதல் வகைக்கு ஒன்றரை ஆண்டுக்குக் குறைவு, இரண்டாவதற்குப் பத்து மாதம். அந்தத் தேதி வந்ததும், ஒலி நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசியைக் காது கண்டுபிடிப்பதற்குள் அது பல தட்டுகளைத் தொட்டிருக்கும்.